எங்கள் கவனத்துக்கு எதுவும் வரவில்லை

சூக் ஏரி இன்று சாம்பல் நிறம்.
மூன்றாம் மாடியில் காப்பி இயந்திரம் பழுது.
ஒரு நாணயத்துக்கு ஒரு பிராங்க்
எந்நேரமும் பின்னால் நிற்கிறது என்கிறார்கள்.
நிற்கிறதா என்று பார்க்க
எனக்கு மணிக்கணக்கில் கூலி.

நாணயங்களை எண்ணுவது சுலபம்.
மூன்று சங்கிலிகள்.
ஒன்றில் எரித்து இன்னொன்றில் அச்சிட்டதை
இரண்டு தரம் எண்ணாமல் இருந்தால் போதும்.
பதினெட்டுக் கோடியே நாற்பது லட்சம்.
ஊரே பார்க்கக் கிடக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை.

பணம்தான் கூச்சக்காரி.
வங்கிக்கு நானே எழுத வேண்டும்,
பதில் என் கைக்கே வர வேண்டும்.
வாடிக்கையாளர் கொண்டுவந்து தந்தால்
எத்தனை முத்திரை குத்தியிருந்தாலும்
அது வெறும் தாள்.
பிப்ரவரியில் அப்படி ஒன்றைத் திருப்பி அனுப்பினேன்.
அதற்குப் பிறகு அந்த அலுவலகத்தில்
எனக்கு யாரும் சாக்லேட் நீட்டுவதில்லை.

இருப்பு என்று நம்மிடம் ஒரு சொல்.
கிடங்கில் மிச்சமுள்ள மூட்டைக்கும் அதுதான்,
நான் இங்கே இருக்கிறேன் என்பதற்கும் அதுதான்.
ரெகுலாவிடம் சொன்னேன்.
ஜெர்மனிலும் கிட்டத்தட்ட அப்படித்தான் என்றாள்,
அதே மூச்சில்
மாதிரிக்கு எத்தனை பத்திரம் எடுத்தாய் என்று கேட்டாள்.

மார்ச் முப்பத்தொன்று, நள்ளிரவு.
நான்கு வங்கிகள், நான்கு கடிதங்கள்,
ஆகஸ்டில் முதிரும் அரசுப் பத்திரங்கள்.
கூட்டினேன். சரி.
சரிக்கும் மேலே பன்னிரண்டாயிரம்.
போய்ச் சாப்பிட்டிருக்கலாம்.

மூன்றாவது வங்கியின் அறிக்கையை மட்டும்
இரண்டு பக்கம் முன்னும் பின்னும் புரட்டினேன்.
இரண்டு கோடியே பத்து லட்சம்
முப்பதாம் தேதி மாலை நாலு பத்துக்கு வந்திருக்கிறது.
ஏப்ரல் இரண்டு, காலை ஒன்பதுக்குக் கிளம்பிவிட்டது.
வந்ததும் போனதும் ஒரே வீட்டுக்கு:
அவர்களுடைய தம்பி நிறுவனம்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள்.
இந்த விருந்தாளி அதுகூடத் தங்கவில்லை.

ஹூர்லிமான் கோபப்படவில்லை.
‘ஃபிராவ் நித்தியராசா,
நீங்கள் கேட்டது முப்பத்தொன்று நள்ளிரவு.
அந்த நள்ளிரவில் பணம் இருந்ததா, இல்லையா?’
இருந்தது.
பொய்யே சொல்லாத ஒருவரோடு
எப்படிச் சண்டை போடுவது?

லுட்சேர்னில் சீட்டுப் பிடித்த மனோகரி அக்காவும்
பொய் சொன்னதில்லை.
கேட்ட அன்றெல்லாம் எடுத்துக் காட்டினார்.
கேட்காத ஒரு வெள்ளிக்கிழமை
ஒரு பெட்டி, ஒரு விமானம்.

எங்கள் அறிக்கையின் கடைசி வரி
பல காலமாக ஒரே வரி:
இருப்பு போதாது எனக் கருதும்படி
எங்கள் கவனத்துக்கு எதுவும் வரவில்லை.
‘இருக்கிறது’ என்று சொல்லத் துணிச்சல் இல்லாதவர்கள்
இரண்டு மறுப்புகளை முட்டுக்கொடுத்து நிறுத்திய வரி.
அதைத் தட்டச்சு செய்து
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
வந்துவிட்டதே.

ரெகுலா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
இந்த வாடிக்கையாளர் போய்விட்டால்
இலையுதிர்காலத்தில் இரண்டு பேருக்கு வேலை இருக்காது,
அதில் ஒருத்தி யார் என்று
இருவருக்கும் தெரியும்.
பேனாவை எடுத்து
வரியை அவளே அடித்தாள்.
‘தேதி போட்டு எழுது. தொகை போட்டு எழுது.
உரிச்சொல் ஒன்றுகூட வேண்டாம்.’

ஏழு வரி எழுதினேன்.
வந்த நேரம், போன நேரம்,
யாரிடமிருந்து, யாருக்கு,
அது இல்லாவிட்டால் எவ்வளவு குறை.
ஹூர்லிமான் ஒப்புவாரா,
வேறு கணக்காளரைத் தேடுவாரா,
இந்த நாணயத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள்
ஏழு வரியையும் படிப்பார்களா,
தெரியாது.
ஜன்னலுக்கு வெளியே ஏரி இருட்டாகிவிட்டது.
அங்கே தண்ணீர் உண்டு என்பதையும்
காலையில் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

தாளின் மூலையில் என் சுருக்கொப்பம்,
பக்கத்தில் நேரம்: 19.42.
அந்த நிமிடம் நான் இங்கே இருந்தேன்.
19.43 பற்றி
இந்த அறிக்கை எதையும் சொல்லவில்லை.